கர்னலும் கேட்காத கட்டியும்

சுபேதார் சேதுபதி பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் கர்னல்களுக்குச் சல்யூட் அடித்தவர். ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு வெள்ளை நாய்க்குட்டியை வாங்கி அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்ததுதான். இனிமேல் ஒரு கர்னல் தன் சொல்லுக்கு உட்கார வேண்டும், தன் சொல்லுக்கு எழுந்திருக்க வேண்டும். மனுஷனுக்கு இதைவிட நியாயமான ஆசை இருக்க முடியாது. அந்த ஆசையில் மண் விழுந்தது. கர்னலுக்குக் காது கேட்கவில்லை.

முதலில் அதைச் சுபேதார் மிடுக்கு என்றுதான் நினைத்தார். கர்னல் என்றால் அப்படித்தான், கூப்பிட்டவுடன் திரும்பிவிட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வேட்டுப் போட்டபோதும் அது குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அன்றிலிருந்து அவர் ஒரு தந்திரம் செய்தார். நாலு பேர் பார்க்க "சாவ்தான்!" என்று பட்டாளத்து இந்தியில் தொண்டை கிழியக் கத்துவார். அதே நேரம் இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கர்னல் கையைப் பார்த்து விறைப்பாக நிற்கும். பார்த்தவர்கள் எல்லாம் அசந்து போனதாகச் சுபேதார் நம்பினார்.

பிள்ளை இல்லாத வீடு அது. கர்னலை அவர் ‘அது’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவரு சாப்பிட்டாரா?" என்று கேட்பார். "எவரு?" என்று அவர் மனைவி வெள்ளத்தாய் வேண்டுமென்றே வாசலை எட்டிப் பார்ப்பாள்.

கர்னலைப் பற்றி அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கர்னல் சுத்த பிரம்மச்சாரி. வீட்டு வாசலைத் தனியாகத் தாண்டியது கிடையாது. தெருநாய் வாடை பட்டது கிடையாது. பஞ்சு வியாபாரம் பார்க்கும் திருப்பதி ராஜா வீட்டில் முத்து என்று ஒரு பெண் நாய் இருந்தது. அதற்கும் கர்னலுக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். முத்து அடுத்துப் பருவத்துக்கு வரும்போது ராஜாவே அழைத்து வருவதாக ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் கர்னல் படுத்திருந்த சாக்கில் ரத்தச் சொட்டு தெரிந்தது. புரட்டிப் பார்த்தால், வெளியே சொல்லக்கூடாத இடத்தில் சேவல் கொண்டையைப் போலச் சிவந்து ஒரு கட்டி. தொட்டால் ரத்தம் கசிந்தது.

ராஜபாளையத்திலும் மாட்டாஸ்பத்திரி இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே போனால் மத்தியானத்துக்குள் விஷயம் திருப்பதி ராஜா காதுக்குப் போய்விடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் ஸுந்தரராஜன் என்ற ஓய்வு பெற்ற கால்நடை டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தார். வாடகை அம்பாசிடர் பிடித்து, ஜன்னலுக்குத் திரை கட்டி, "ஆண்டாளைச் சேவிக்கப் போறேன்" என்று தெருவில் அறிவித்தார்.

"நாயை எதுக்குக் கூட்டிட்டுப் போறிய?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"அவருக்கும் ஒரு மனசு இருக்குல்லா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் சுபேதார்.

டாக்டர் ஸுந்தரராஜன் நெற்றி நிறையத் திருமண் இட்டவர். காலை முழுக்க ஆடு மாடுகளின் அந்தரங்கத்தை ஆராய்ந்துவிட்டு, தலைமுழுகி, அப்புறம்தான் கோயிலுக்குப் போவார். கர்னலைப் புரட்டிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரோட சகவாசம், ஓய்?"

"என்ன கேக்கிய, டாக்டரய்யா?"

"இந்தக் கட்டி தானா வராது. இன்னொரு நாய் உடம்புலே இருக்கற கட்டியோட செல்லு, சேர்றபோது இது மேலே ஒட்டிண்டு வளர்றது. அதான் கேக்கறேன். எந்த நாயோட போச்சு?"

சுபேதாரின் மீசை துடித்தது. பெண்ணைப் பெற்றவனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டது போல நின்றார். "அய்யா, நாங்க அப்படி வளக்கல. அவரு பிரம்மச்சாரி."

"அப்படியா. கட்டிக்கு அது தெரியலை போலிருக்கு" என்று டாக்டர் ஊசியை எடுத்தார். "இது வின்கிரிஸ்டின். மனுஷாளுக்குப் புத்துநோய்க்குப் போடறதுதான். வாரம் ஒண்ணு போடணும். கட்டி கண்ணுக்குத் தெரியாம போனாலும், நான் போறும்னு சொல்ற வரைக்கும் வரணும். நடுவிலே நிறுத்தப்படாது. புரியறதா?"

"உத்தரவு" என்றார் சுபேதார்.

ஊசி போட்ட அன்று ராத்திரி கர்னல் வாந்தி எடுத்தது. மறுநாள் கறிச்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. சுபேதாரும் சாப்பிடவில்லை. வெள்ளத்தாய் இரண்டு தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தாள். ஆனால் அடுத்த ஊசிக்குப் பிறகு கட்டி சுருங்கி மிளகளவுக்கு வந்துவிட்டது. சுபேதார் கர்னலின் முதுகைத் தட்டிக் கொடுத்து, இனி ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

"டாக்டரு போதும்னு சொன்னாரா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

"எதிரி ஓடிட்டான், ஏட்டி. புறமுதுகு காட்டுதவனைச் சுடுறது பட்டாளத்து மரியாதை இல்ல."

"அவன் ஓடினானா, ஒளிஞ்சானா?"

"டாக்டரும் சண்டைக்குப் போனவரில்ல, நீயும் சண்டைக்குப் போனவளில்ல" என்று சுபேதார் பேச்சை முடித்தார்.

கட்டி திரும்பி வந்தது. சுபேதார் மறுபடியும் ஆண்டாளைச் சேவிக்கக் கிளம்பினார். ஊசி போட்டதும் கொஞ்சம் சுருங்கியது. கர்னல் சோறு தின்னாமல் கிடந்தது, சுபேதாருக்கு மனசு பொறுக்கவில்லை, நிறுத்திவிட்டார். மறுபடி வளர்ந்தது. மறுபடி ஓடினார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் திட்டினார், ஒவ்வொரு தடவையும் சுபேதார் "உத்தரவு" என்றார், கர்னல் பட்டினி கிடந்ததும் உத்தரவு காற்றில் போயிற்று. தெருவில் மட்டும் அவருக்குப் பக்திமான் என்று நல்ல பெயர் வந்தது. துளசியும் பால்கோவாவும் வாங்கி வரச் சொல்லி ஆட்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

கடைசியில் கட்டி சுருங்குவதையே விட்டுவிட்டது. ஊசிக்கு மேல் ஊசி போட்டும் அது பாட்டுக்கு வளர்ந்தது. கர்னல் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கிவிட்டு நெடுநேரம் அப்படியே நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துவிட்டது. டாக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேக்கலை, ஓய்."

சுபேதார் கர்னலின் காதைப் பார்த்தார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம். "யாரு சொன்னா கேக்கலைன்னு? இப்பப் பாருங்க!" என்று இரண்டடி பின்வாங்கி, "சாவ்தான்!" என்று ஒரு கத்துக் கத்தித் தொடையில் தட்டினார். டாக்டர் வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. கர்னல், அந்த நிலைமையிலும், நடுங்கிக்கொண்டே எழுந்து விறைப்பாக நின்றது.

டாக்டர் காதிலிருந்து கையை எடுத்தார். "மருந்துக்குக் கேக்கலைன்னு சொன்னேன், ஓய்! கட்டியைச் சொன்னேன். நாய்க்குக் காது கேக்காதுங்கறது எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். அது பின்னாலே பித்தளைத் தட்டைப் போட்டேன், திரும்பலை. நீர்தான் துள்ளினீர்."

சுபேதார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் கேக்கல? முதல்ல கேட்டுச்சே" என்றார்.

டாக்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு மூணு காரணம் இருக்கு. மருந்து ரத்தத்தோட போய்ச் சேரணும். கட்டிக்குள்ளே ரத்தக்குழாய் ஒழுங்கா ஓடாது. ஓரத்திலே இருக்கற செல்லுக்கு மருந்து கெடைக்கறது, நடுவிலே அடைஞ்சு கெடக்கறதுக்குக் கெடைக்கறதில்லே. கோயில்லே பிரசாதம் முன்னாலே நிக்கறவாளோட தீர்ந்துபோறது, தூணுக்குப் பின்னாலே நிக்கறவன் கையை நீட்டிண்டே இருக்கான், பார்த்ததில்லையா? அப்படி. இன்னொண்ணு, அந்தக் கூட்டத்திலே சில செல்லு உள்ளே வர மருந்தை மோட்டார் வச்சு இறைக்கற மாதிரி வெளியே தள்ளிடும். ஆரம்பத்திலே அது ஏதோ கொஞ்சம்தான் இருந்திருக்கும். ஒரே மூச்சா அடிச்சிருந்தா அதுவும் திணறிச் செத்திருக்கும். நீர் நிறுத்தி நிறுத்தி அடிச்சீர். இப்போ கட்டி முழுக்க அதோட சந்ததிதான்."

சுபேதார் இதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. "மருந்துல கலப்படம் இருக்குமோ?" என்றார்.

டாக்டர் வானத்தைப் பார்த்தார். "கலப்படமோ இல்லையோ, ஒண்ணு சொல்றேன். இதை வேற எந்த நாயோடும் சேர விடாதீர். இந்தப் பிடிவாதம் பிடிச்ச செல்லு அங்கேயும் போய் உக்காரும், அங்கேயும் எதுக்கும் கேக்காது. அப்புறம் இது எங்கேர்ந்து வாங்கிண்டு வந்துதோ அந்த நாயைக் கண்டுபிடிச்சு அழைச்சிண்டு வாரும். அதையும் பார்த்தாகணும்."

அன்று சாயங்காலம் சுபேதார் வீட்டில் விசாரணை நடந்தது. விசாரிக்க இருந்தது ஒரே ஒரு ஆள்தான். வெள்ளத்தாய் முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் ஒப்புக்கொண்டாள்.

"பின்வாசலைத் தொறந்து விட்டது நான்தான். மத்தியானம் நீங்க தூங்குத நேரம்."

"எம்புட்டு நாளா?"

"நீங்க அதைப் பிரம்மச்சாரின்னு ஊருக்குச் சொல்லுத நாளா."

"எந்த நாயோட?"

"செவலை. டீக்கடைப் பக்கம் படுத்துக் கெடக்குமே."

"தெருநாயா!" சுபேதார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தெருவுல கெடந்தா நாய் இல்லாமப் போயிருமா?" வெள்ளத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "இதுக்குத்தான் காது கேக்காதே. லாரி வந்தாத் தெரியுமா, எவனாச்சும் கல்லெடுத்தாத் தெரியுமா? செவலை கூட இருந்தா, சத்தம் கேட்டதும் இதைத் தோளால இடிச்சு ஓரங்கட்டிரும். நான் கண்ணால பாத்தேன். அதைப் பாத்த பொறவுதான் தைரியமா விட்டேன். நீங்க கையைத் தட்டி ஊரை ஏமாத்துனிய. அதுக்குக் காதா இருந்தது அந்தப் பிள்ளைதான்."

சுபேதார் டீக்கடைக்கு நடந்தார். செவலை அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடந்தது. அவரைக் கண்டதும் எழுந்து, ஓடுவதா வேண்டாமா என்று யோசித்து, வாலை மெல்ல ஆட்டியது. வாலுக்குக் கீழே அதே சிவப்பு. அவர் அங்கே டீ குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்துவிட்டார். தெருநாயைச் சம்பந்தி வீட்டார் கண்ணில் படும்படி அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு போக அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.

மறுநாள் காலையிலேயே வாசலில் கார் வந்து நின்றது. திருப்பதி ராஜா முத்துவோடு இறங்கினார். முத்துவின் கழுத்தில் புதுப் பட்டை, நெற்றியில் யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். "நேரம் வந்தாச்சு சுபேதாரு, மாப்பிள்ளை ரெடியா?" என்று ராஜா தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். எதிர்வீடு, பக்கத்து வீடு, துளசிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கர்னல் உள்ளே சாக்கில் கிடந்தது. கட்டி வெளியே தெரியாது, புரட்டினால்தான் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுபேதாரின் மானம் பிழைத்துவிடும். அந்தக் கட்டி முத்துவிடம் போகும், முத்துவிடமிருந்து இன்னும் எங்கெங்கோ போகும், எந்த மருந்துக்கும் கேட்காது. முத்து அவர் காலை மோந்து பார்த்து வாலாட்டியது. அதுதான் அவரைத் தோற்கடித்தது.

"ராஜா, ஒரு விஷயம்." பெரிய அவமானத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சின்னதைச் சொன்னாலே ராஜா திரும்பிப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டார். "கர்னலுக்குக் காது கேக்காது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பில் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. "மா குக்ககி கூடா செவுடே! எங்க முத்துவும் செவிடுதாங்க! வெள்ளைக் குட்டியிலே இது உண்டுன்னு எங்களுக்குத் தெரியாதா? கர்னல் விஷயம் ஊருக்கே தெரியும் சுபேதாரு. நீங்க சத்தம் போட்டுட்டுத் தொடையைத் தட்டுவீங்களே, அதைப் பாக்கத்தான் எல்லாரும் வந்து நிக்கறது."

எதிர்வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். சுபேதாருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் ஊர் தன்னை மதித்து வேடிக்கை பார்த்ததாக நினைத்திருந்தார். சின்னது செலவாகிவிட்டது, இனிக் கையில் பெரியது ஒன்றுதான் இருந்தது.

"அது மட்டுமில்ல" என்றார். "அவருக்குக் கட்டி இருக்கு. சேந்தா ஒட்டிக்கிடும். டீக்கடைச் செவலைகிட்டேருந்து வந்துச்சு. நான் ஆண்டாளைச் சேவிக்கப் போகல ராஜா, ஊசி போடப் போனேன். அதையும் ஒழுங்காப் போடல. இப்ப மருந்துக்குக் கேக்கல. முத்துவைக் கூட்டிட்டுப் போயிருங்க."

"ராம ராமா" என்று முணுமுணுத்துக்கொண்டு ராஜா முத்துவைக் காரில் ஏற்றினார். கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி வந்து சுபேதாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். ஓரடி போய்விட்டு மறுபடி வந்து, காதோடு காதாகக் கேட்டார்: "அந்த டாக்டரு காதுக்கும் பாப்பாரா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு திரை போட்ட அம்பாசிடர் எதற்கு? சுபேதார் ஒரு டெம்போ பிடித்தார். பின்னால் வைக்கோல் பரப்பி ஒரு பக்கம் கர்னல், ஒரு பக்கம் செவலை, நடுவில் மீசையோடு அவர். "ஆண்டாளைச் சேவிக்கவா?" என்று எதிர்வீட்டிலிருந்து கேலிக் குரல் வந்தது.

"ஆமா. குடும்பத்தோட" என்றார் சுபேதார்.

டாக்டர் ஸுந்தரராஜன் செவலைக்கும் அதே வின்கிரிஸ்டினைப் போட்டார், அதே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து. கர்னலுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் செவலையின் கட்டி பாதியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் தேட வேண்டியிருந்தது. கர்னலின் கட்டி அசையவில்லை. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துக் காட்டினார்.

சுபேதார் மாறி மாறிப் பார்த்தார். செவலையிடமிருந்து கர்னலுக்குப் போன அதே கட்டிதான். மருந்திலும் கலப்படம் இல்லை. பட்டாளத்தில் அவர் பல தடவை ஆள் எடுப்புக்குப் போனவர். வந்து நிற்கும் பையன்களை ஓட விடுவார், மூச்சு வாங்கி விழுகிறவனை வீட்டுக்கு அனுப்புவார், விழாதவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மறுபடி ஓட விடுவார். சாயங்காலம் மைதானத்தில் மிச்சம் நிற்பவன் எதற்கும் அசையமாட்டான்.

"டாக்டரய்யா" என்றார் மெல்ல. "அந்தக் கட்டிக்குள்ள நான் ஆள் எடுப்பு நடத்திட்டேன்."

டாக்டர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். "என்ன ஓய்?"

"ஒரு ஊசி போட்டு ஓட விட்டேன். நோஞ்சான் எல்லாம் விழுந்துட்டான். விழாதவனுக்கு ஓய்வு கொடுத்து, தண்ணி கொடுத்து, பெருக விட்டேன். பொறவு மறுபடி ஓட விட்டேன். அவரு சோறு திங்கலையேன்னு பாவம் பாத்துப் பாத்து, அவரைக் கொல்லுததுக்கு நானே பட்டாளம் சேத்துக் கொடுத்துட்டேன்." சுபேதார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கர்னலுக்கு அது கேட்கவில்லை.

டாக்டர், மதுரையிலிருந்து வேறு மருந்து வரவழைக்கலாம் என்றார். சிவப்பு மருந்து. இதயத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும், இதைவிட மோசமாக வாந்தி வரும், கேட்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். சுபேதார் இந்தத் தடவை "உத்தரவு" என்று சொல்லவில்லை. "முடிப்பேன்" என்றார்.

சிவப்பு மருந்து ஏறிய வாரம் கர்னல் தலையைத் தூக்கவே இல்லை. சுபேதார் அதன் வாயில் கரண்டியால் கஞ்சி ஊற்றினார். செவலை பின்வாசல் வழியாக அல்லாமல் முன்வாசல் வழியாகவே வந்து சாக்கில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. நிறுத்திவிடலாமா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அவருக்குத் தோன்றியது. தோன்றும்போதெல்லாம் வெள்ளத்தாயைப் பார்ப்பார். அவள் ஓடினானா ஒளிஞ்சானா என்று மட்டும் கேட்பாள். மறுபடி டெம்போ ஏறுவார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் டாக்டர் கர்னலைப் புரட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்தம் வரவில்லை.

"கேக்கறது, ஓய்!"

சுபேதார் நம்பாமல் அவரையே பார்த்தார்.

"கட்டி கேக்கறது. போன தடவைக்கு இப்போ கால்வாசிதான் இருக்கு. என்ன, இதோட போறும்னு சொல்லப் போறீரா?"

"கண்ணுக்குத் தெரியாமப் போன பொறவும் வருவேன். நீங்க சொல்லுத வரைக்கும் வருவேன்."

அவர் டாக்டர் வீட்டுத் தொழுவத்து வைக்கோலில் மண்டியிட்டு, கர்னலின் வெள்ளைக் காதருகே வாயை வைத்தார். தொடையில் தட்டவில்லை. "கேக்குதாம்யா" என்றார். கர்னல் சுவரைப் பார்த்துக் கிடந்தது, திரும்பவில்லை. பக்கத்தில் கிடந்த செவலைதான் காதை விடைத்து அவரைப் பார்த்தது. பிறகு எழுந்து, தோளால் கர்னலை ஒரு இடி இடித்தது. கர்னல் தலையைத் தூக்கிச் சுபேதாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல வாலை ஆட்டியது.